வானத்தின்மீது வழக்கில்லை: அயர்லாந்துக் கிராமங்களின் வானிலைக் குறிகளும் நம்பிக்கைகளும்

1. ஒரு சொல், இரு பொருள்

ஐரிஷ் மொழியில் 'பிஷோக்' என்றொரு சொல் உண்டு. அகராதியில் அதற்கு 'மூடநம்பிக்கை' என்ற பொருள் கிடைக்கும். கிராமத்தில் அதே சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருந்தது: ஒருவர் மற்றவருக்கு வைக்கும் வினை. அடுத்த வீட்டுக்காரரின் உலர்புல் போருக்குள் முட்டைகளை ஒளித்துவைப்பது, அவர் நிலத்தில் இறைச்சித் துண்டைப் புதைப்பது, அதன் வழியாக அவர் வீட்டு வளத்தைத் தம் வீட்டுக்குத் திருப்பிக்கொள்ளப் பார்ப்பது எல்லாமே பிஷோக்தான். ஒரு கருத்துக்கும் ஒரு குற்றத்துக்கும் அம்மொழி ஒரே பெயரை வைத்திருக்கிறது.

அதே கிராமத்தில், அதே அடுப்பங்கரையில் வேறு வகையான பேச்சும் உண்டு. தகைவிலான் குருவி தாழப் பறந்தால் மழை. தொலைமலை கிட்டத்தில் இருப்பதுபோல் தெரிந்தால் மழை. பூனை அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் வானிலை கெடும். புகைபோக்கியிலிருந்து கரி உதிர்ந்தால் மழை. நிலவைச் சுற்றி வளையம் கட்டினால் மழை. முட்டையைப் பற்றிய பேச்சில் இருந்த அச்சம் இதில் இல்லை. யாரும் யாரோடும் வாய்விட்டுப் பகிர்ந்துகொண்டவை இவை.

இவ்விரண்டையும் எப்படிப் பிரித்துப் புரிந்துகொள்வது? இதுவரை இரண்டு வழிகள் பழக்கத்தில் உள்ளன. முதலாவது அறிவியல் சார்ந்தது: வானிலைக் குறிகள் உற்றுநோக்கலில் பிறந்த நாட்டறிவு, மற்றவை அறியாமை. இரண்டாவது கற்பனாவாதம் சார்ந்தது: அனைத்துமே கிறித்தவத்துக்கு முந்தைய சமயத்தின் எச்சங்கள். 1887இல் லேடி வைல்டும் 1888இல் டபிள்யூ. பி. யேட்ஸும் வெளியிட்ட நாட்டார் கதைத் தொகுப்புகள் இந்த இரண்டாம் பார்வையைப் பரப்பின. இரண்டுமே போதவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம். மெய்யா பொய்யா, பழையதா புதியதா என்ற கேள்விகளைவிட வேறொரு கேள்வி இந்நம்பிக்கைகளைத் துல்லியமாக வகைப்படுத்துகிறது: ஒரு தீங்கு நேரும்போது இந்த நம்பிக்கை யாரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது?

2. சான்றுகள் வந்த வழி

நம்மிடம் உள்ள சான்றுகளில் பெரும்பகுதி ஓர் அரசுத் திட்டத்தின் விளைவு. 1935இல் ஜேம்ஸ் ஹாமில்டன் டெலார்ஜியை இயக்குநராகக் கொண்டு ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் அமைக்கப்பட்டது. 1937 முதல் 1939 வரை கல்வித் துறையும் ஆசிரியர் சங்கமும் துணைநிற்க, சுமார் 5,000 பள்ளிகளைச் சேர்ந்த 50,000 பிள்ளைகள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டுக் குறிப்பேடுகளில் எழுதினார்கள். ஆணையத்தின் ஆவணக் காப்பாளர் ஷான் ஓ சூல்லவான் தயாரித்த வழிகாட்டி நூல் தலைப்பு தலைப்பாகக் கேள்விகளைத் தந்தது. சேர்ந்த பக்கங்கள் சுமார் 7,40,000. இன்று டப்ளின் பல்கலைக்கழகக் கல்லூரியில் உள்ள ஆணையத்தின் தொகுப்பு 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றது.

இவ்வளவு பெரிய செல்வத்தையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. திட்டம் அன்றைய சுதந்திர அரசின் 26 மாவட்டங்களை மட்டுமே தொட்டது. வடக்கின் ஆறு மாவட்டங்கள் அதில் இல்லை. பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளை கேட்கக்கூடியதைத்தான் பெரியவர்கள் சொன்னார்கள். ஆசிரியர் கண்ணில் படும் என்று தெரிந்துதான் பிள்ளைகள் எழுதினார்கள். அண்டைவீட்டுக்காரி வெண்ணெயைத் திருடினாள் என்ற சந்தேகத்தைப் பெயரோடு அந்தக் குறிப்பேட்டில் எழுத எந்த வீடும் துணியாது.

இதைவிட முக்கியமானது தலைப்புகள் செய்த வேலை. 'வானிலைக் குறிகள்' ஒரு தலைப்பு. 'கடும் வானிலை' ஒரு தலைப்பு. 'வெண்ணெய் கடைதல்' ஒரு தலைப்பு. 'வட்டக் கோட்டைகள்' வேறொரு தலைப்பு. வாழ்வில் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தவை தாளில் தனித்தனியாயின. வானிலைத் தலைப்பின்கீழ் வந்தவை பெரும்பாலும் 'இது தெரிந்தால் அது நடக்கும்' என்ற பட்டியல்கள். அந்தக் குறி பொய்த்தபோது என்ன செய்தீர்கள், யாரை நொந்துகொண்டீர்கள் என்பது பட்டியலில் இடம்பெறும் வகைச் செய்தி அல்ல. 'நாட்டு வானிலை அறிவியல்' என்று தனியே ஒன்று இருந்ததாக நமக்குத் தோன்றுவதற்கு இந்தப் பட்டியல் வடிவமும் ஒரு காரணம்.

பட்டியல்களைக் கவனமாகப் படித்தால் பழமை பற்றிய எண்ணமும் ஆட்டம் காணும். ரயில் ஓடும் ஓசை தெளிவாகக் கேட்டால் மழை என்பது பல இடங்களில் பதிவான குறி. அயர்லாந்தின் முதல் ரயில்பாதை டப்ளினுக்கும் கிங்ஸ்டவுனுக்கும் இடையே 1834இல் திறக்கப்பட்டது. ஆகவே இக்குறியின் வயது, அது எழுதப்பட்ட காலத்தில் நூறாண்டைத் தொட்டிருந்தால் அதிகம். ஓர் ஊருக்கு அருவியின் இரைச்சல், கடலோர ஊருக்கு அலையின் முழக்கம், இன்னோர் ஊருக்கு ரயில். காற்று எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதைக் காதால் அறியும் முறை ஒன்றுதான். அதற்கு அகப்படும் பொருளை அந்தந்த ஊரும் அந்தந்தக் காலமும் தந்தன.

3. குறிகளின் கணக்கு

இக்குறிகள் பலித்தனவா? சிலவற்றுக்கு இயற்பியல் காரணம் உண்டு. நிலவின் வளையம் உயரத்தில் பரவும் மெல்லிய பனிப்படிக மேகத்தால் உண்டாவது. வெப்ப முகப்பு நெருங்கும்போது அம்மேகம்தான் முன்னே வரும், மழை பின்னே வரும். அயர்லாந்தின் வானிலை பெரும்பாலும் அட்லாண்டிக் பெருங்கடலிலிருந்து மேற்கு-கிழக்காக நகர்வதால் மாலைச் செவ்வானம் நல்ல நாளைக் காட்டுவதும் பொருந்துகிறது: கதிரவன் சாயும் மேற்கே மேகம் இல்லை என்பதே அதன் பொருள். மேற்குக் கரையின் கண்ணுக்கு இருந்த இந்த மதிப்பை நவீன வானிலையியலும் நன்கு அறியும். மாயோ மாவட்டத்தின் பிளாக்சாட் அஞ்சலகத்தில் மோரீன் ஃப்ளாவின் 1944 ஜூன் 3 அதிகாலை எடுத்த காற்றழுத்த அளவு, நார்மண்டித் தரையிறக்கத்தை ஜூன் 5இலிருந்து 6க்குத் தள்ளிவைத்த முடிவில் பங்கு வகித்தது.

ஆனால் 'பலித்தது' என்பதை எடைபோட ஓர் அடிப்படைக் கணக்கு வேண்டும். 1 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ மழை பெய்யும் நாட்கள் அயர்லாந்தின் கிழக்கில் ஆண்டுக்குச் சுமார் 150. மேற்கில் சுமார் 225. அதாவது மேற்குக் கரையில் கண்ணை மூடிக்கொண்டு தினமும் 'நாளை மழை' என்று சொல்பவர் பத்துக்கு ஆறு முறை வெல்வார். பூனை எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் மழைக் குறி பலிக்கும் நாடு அது. விவசாயிக்கு உண்மையில் வேண்டியிருந்தது மழையின் குறி அல்ல, மழையின்மையின் குறி. வெட்டிய புல் காய்ந்து போராக ஏற மூன்று நான்கு நாள் வெயில் தொடர்ந்து வேண்டும். அதைச் சொல்வதில்தான் குறிகள் மிகவும் தடுமாறின.

நாட்காட்டி சார்ந்த குறிகள் இன்னும் பலவீனமானவை. ஜூலை 15, புனித ஸ்விதின் நாளில் பெய்தால் 40 நாள் பெய்யும் என்பது இங்கிலாந்தோடு அயர்லாந்தும் பகிர்ந்துகொண்ட நம்பிக்கை. பிரிட்டனின் அளவீடுகளில் 1861 முதல் ஒருமுறைகூட அப்படி 40 நாள் தொடர்ந்ததில்லை. மேலும் 1752இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது செப்டம்பர் 2க்கு அடுத்த நாள் 14 ஆனது. பழைய ஸ்விதின் நாள் இன்றைய கணக்கில் ஜூலை 26. வானம் நாட்காட்டியைப் பின்பற்றியிருந்தால் நம்பிக்கை அன்றே முறிந்திருக்கும். முறியவில்லை, புதிய தேதிக்குக் குடிபெயர்ந்தது.

பாதி பலித்து பாதி பொய்த்த இந்த அறிவு ஏன் நிலைத்தது? புல் வெட்டுவது தனியாள் வேலை அல்ல. 'மெஹல்' என்ற பெயரில் அண்டைவீடுகள் கூடி, இன்று உனக்கு நாளை எனக்கு என்று கூலியின்றி உழைத்தன. எந்த நாளில் ஆட்களைத் திரட்டுவது என்பது ஊரையே பாதிக்கும் முடிவு. தவறினால் பலர் உழைப்பு வீண். அத்தகைய முடிவுக்கு எல்லோரும் ஏற்ற ஒரு காரணம் தேவை. குருவி தாழப் பறந்தது என்றால் போதும். யாரும் தனித்துப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. மழை வந்து கெடுத்தால் 'குறி பொய்த்தது' என்பார்கள், 'நீ கெடுத்தாய்' என்று சொல்லமாட்டார்கள். குறிகளின் மதிப்பு அவற்றின் துல்லியத்தில் மட்டும் இல்லை. பிழையைப் பகையாக்காமல் கரைத்துவிடும் ஆற்றலிலும் இருந்தது என்பது என் வாசிப்பு.

வானத்துக்கு மனமும் கோபமும் உண்டு என்று சொல்லும் கதைகூட இதையே செய்கிறது. மார்ச் முடிந்ததும் வரிப் பசு ஒன்று, 'மார்ச்சால் என்னைக் கொல்ல முடியவில்லை' என்று துள்ளிக் குதித்ததாம். கோபம் கொண்ட மார்ச், ஏப்ரலிடம் மூன்று நாள் கடன் வாங்கிவந்து பசுவைக் கொன்றதாம். வடக்கே சொல்லப்படும் வடிவத்தில் கடன் ஒன்பது நாள்; கரும்பறவைக்கு மூன்று, கல்குருவிக்கு மூன்று, பசுவுக்கு மூன்று. ஏப்ரல் தொடக்கத்தின் கடுங்குளிருக்கு 'வரிப் பசுவின் நாட்கள்' என்றே பெயர். கதையில் குற்றம் யாருடையது? கடன் வாங்கிக் கொன்ற மார்ச்சை யாரும் பழிப்பதில்லை. பழி பசுவின் வாய்த்துடுக்குக்கு. வானத்தின்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்ற முடிவோடுதான் கதை தொடங்குகிறது.

4. வெண்ணெயும் அண்டைவீடும்

கடைகலத்தில் வெண்ணெய் திரளாமல் போனால் கதை வேறு. திரளாமைக்கு இன்று நமக்குத் தெரிந்த காரணங்கள் பல: பாலாடையின் வெப்பநிலை, பாத்திரத்தின் தூய்மை, கறவையின் கடைசி மாதங்களில் மாறும் பாலின் தன்மை. அன்று முதலில் எழுந்த கேள்வி, 'யார் வந்து போனார்கள்?' என்பது. கடையும் நேரத்தில் வீட்டுக்குள் வருபவர் மத்தைப் பிடித்துச் சிறிது நேரம் கடைந்துவிட்டுத்தான் போக வேண்டும் என்பது நாடெங்கும் இருந்த வழக்கம். தம் மேல் சந்தேகம் விழாமலிருக்க விருந்தாளி அங்கேயே கொடுக்கும் கைச்சாட்சி அது.

மே மாத முதல் நாள் இந்த அச்சத்தின் உச்சம். அன்று விடியலில் பிறர் நிலத்துப் பனியைத் துணியால் இழுத்துச் சேகரிப்பவள் அவ்வீட்டு ஆண்டு வெண்ணெயையே எடுத்துச் செல்கிறாள் என்று நம்பினார்கள். அன்று நெருப்பும் பாலும் உப்பும் வீட்டைவிட்டு வெளியே போகக் கூடாது. பசுவின் வாலில் செந்துணியோ ரோவன் மரக் கிளையோ கட்டினார்கள். முயல் உருவில் வந்து மடியில் பால் குடிக்கும் கிழவியின் கதை மிகப் பழையது. 12ஆம் நூற்றாண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டு கெரால்ட் அயர்லாந்தைப் பற்றி எழுதிய நூலிலேயே அது இடம்பெற்றுவிட்டது.

இவ்வளவு அச்சம் வெண்ணெய் மேல் ஏன் குவிந்தது? அது உணவு மட்டுமல்ல, பணம். 18, 19ஆம் நூற்றாண்டுகளில் கார்க் நகரின் வெண்ணெய்ச் சந்தை உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. தெற்கே பல குடும்பங்கள் குத்தகை கட்டியது வெண்ணெய் விற்ற காசில். திரண்டுவரும்போது தாழி உடைந்தால் நிலமே கைவிட்டுப் போகலாம். மழை எல்லோர் வயலையும் ஒன்றாகக் கெடுக்கும். அதில் பொறாமைக்கு இடமில்லை. வெண்ணெய் ஒரு வீட்டில் திரளும், அடுத்த வீட்டில் திரளாது. அந்த வேறுபாடுதான் கேள்வி கேட்கிறது. வானிலை நம்பிக்கைக்கும் வெண்ணெய் நம்பிக்கைக்கும் இடையிலான எல்லை இங்கே ஓடுகிறது: தீங்கு பொதுவானால் குறி பேசுகிறது, தீங்கு தனித்து விழுந்தால் குற்றச்சாட்டு பேசுகிறது.

5. நடுவில் நிற்கும் குற்றவாளி

இரண்டுக்கும் நடுவே ஒரு மூன்றாம் தரப்பு உண்டு: 'ஷீ' எனப்பட்ட கண்ணுக்குத் தெரியாத கூட்டத்தார். அவர்களைப் பெயர் சொல்லாமல் 'நல்லவர்கள்' என்றே குறிப்பிட்டார்கள். நாம் 'நல்ல பாம்பு' என்பதில் உள்ள அதே அச்ச மரியாதை. அவர்கள் குடியிருப்பு வட்ட மண்கோட்டைகள். அவை உண்மையில் தொடக்க இடைக்காலத்துப் பண்ணை வீடுகளின் வேலிக் கரைகள் என்கிறது தொல்லியல். மாத்யூ ஸ்டௌட் 1997இல் அவற்றின் எண்ணிக்கையைச் சுமார் 45,000 என்று கணக்கிட்டார். கலப்பை அவற்றைத் தீண்டாததற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைத் திருச்சபையின் கல்லறையில் புதைக்க இடமில்லாததால் பல ஊர்களில் இக்கோட்டைகளுக்குள் இரவோடு இரவாகப் புதைத்தார்கள். 'அங்கே மண்ணைக் கிளறாதே' என்ற விதிக்குள் சொல்லப்படாத துயரமும் இருந்தது.

பசு திடீரென விழுந்தால் ஷீயின் அம்பு. குழந்தை தேய்ந்தால் ஷீயின் கைவரிசை. புழுதிச் சுழல் எழுந்தால் அவர்கள் கடந்து போகிறார்கள். வீட்டில் அடுக்கடுக்காகத் துன்பம் வந்தால், வீடு அவர்கள் பாதையில் கட்டப்பட்டிருக்கிறது, மூலையை இடித்துவிடு. கவனிக்க வேண்டியது இதுதான்: குற்றவாளி உண்டு, ஆனால் அவரைத் தண்டிக்க முடியாது. தண்டத்தைக் கட்டுபவர் பாதிக்கப்பட்டவரே. தம் வீட்டு மூலையைத் தாமே இடித்துக்கொள்கிறார்.

இக்கருத்துக்கு ஆதாரம் சேர்த்தவர் வரலாற்றாசிரியர் ரொனால்ட் ஹட்டன். 2011இல் வெளியான ஆய்வில் அவர், கேலிக் மொழி பேசும் பகுதிகளில் சூனியக்காரி வேட்டை குறைவாக இருந்ததற்கு, தீங்குகளின் பழியை இத்தகைய கூட்டத்தார் ஏற்றதும் ஒரு காரணம் என்று வாதிட்டார். அயர்லாந்தில் 1586இல் சூனியத் தடைச் சட்டம் வந்தது, 1821இல்தான் நீக்கப்பட்டது. இருந்தும் வழக்குகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அவற்றுள் பெயர்பெற்ற 1711ஆம் ஆண்டின் ஐலண்ட்மேகி வழக்கு ஸ்காட்லாந்திலிருந்து குடியேறிய பிரெஸ்பிட்டேரியர் ஊரில் எழுந்தது. கேலிக் கிராமத்து வெண்ணெய்த் திருடி ஏசப்பட்டாள், ஒதுக்கப்பட்டாள். நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டது அரிது.

1839 ஜனவரி 6 இரவின் 'பெருங்காற்று' இதற்கு ஒரு பெரிய சோதனை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர், கூரைகள் நாடெங்கும் பறந்தன. ஷீ கூட்டத்தார் அயர்லாந்தைவிட்டு வெளியேறிய இரவு அது என்று சில ஊர்களில் விளக்கம் சொன்னார்கள். அக்காற்றை எழுப்பியதாக எந்தக் கிழவியும் கொல்லப்பட்டதாகத் தெரியவில்லை. எழுபதாண்டு கழித்து அக்காற்று ஒரு பிறப்புச் சான்றிதழாகவும் ஆனது. 1909இல் முதியோர் ஓய்வூதியம் வந்தபோது 70 வயதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. அயர்லாந்தில் பிறப்புப் பதிவோ 1864இல்தான் தொடங்கியது. 'பெருங்காற்று எனக்கு நினைவிருக்கிறது' என்றவர்கள் மனுவோடு வந்து நின்றார்கள்.

6. எதிர்ச்சான்று: பாலிவாட்லே, 1895

மேற்கண்ட வாதத்தை இத்தோடு முடித்தால் ஷீ நம்பிக்கை சாதுவான ஒன்று என்று ஆகிவிடும். டிப்பரரி மாவட்டத்துப் பாலிவாட்லேயில் 1895 மார்ச்சில் நடந்தது அதற்கு இடம் தராது. பிரிட்ஜெட் கிளியரி நோயுற்றாள். மருத்துவர் பார்த்தார், பாதிரியார் வந்தார். கணவன் மைக்கேல், படுத்திருப்பது தன் மனைவி அல்ல, ஷீ கூட்டத்தார் மாற்றி வைத்துப் போன போலி என்று முடிவுசெய்தான். உறவினர் கண்முன் மூலிகைச் சாறு புகட்டி, 'நீ யார்' என்று கேட்டு வதைத்து, இறுதியில் எரித்தான். பிறகு உண்மையான பிரிட்ஜெட் வெண்குதிரையில் வருவாள் என்று அருகிலிருந்த கோட்டையில் காத்திருந்தான். கொலையல்லாத மரணம் விளைவித்த குற்றத்துக்கு 20 ஆண்டு தண்டனை பெற்றான்.

1999இல் வெளியான தம் நூலில் ஆஞ்சலா பர்க் இந்நிகழ்வை அறியாமையின் எச்சமாகப் பார்க்கவில்லை. தையல் தொழில் தெரிந்தவள், கோழி வளர்த்துச் சொந்தக் காசு வைத்திருந்தவள், குழந்தையில்லாதவள் பிரிட்ஜெட். ஊரின் அளவுகோலுக்குள் அடங்காதவள். 'மாற்றி வைக்கப்பட்டவள்' என்ற சொல், குடும்பத்துக்குள் புகைந்துகொண்டிருந்த கோபத்துக்கு ஒரு மொழியைக் கொடுத்தது.

என் வாதத்தை இது கவிழ்க்கவில்லை; அதன் கூர்மையான விளிம்பைக் காட்டுகிறது. குற்றவாளி கோட்டைக்குள் கண்காணாமல் இருக்கும்வரை ஷீ நம்பிக்கை பழியை உறிஞ்சிக்கொண்டது. அதே குற்றவாளி ஒரு மனித உடலுக்குள் இருக்கிறான் என்று சொல்லப்பட்ட கணத்தில் பழிக்கு ஒரு முகவரி கிடைத்தது. நம்பிக்கையின் உள்ளடக்கம் மாறவே இல்லை. அது சுட்டிய திசை மாறியது, ஓர் உயிர் போனது. ஆகவே ஒரு நம்பிக்கை ஆபத்தானதா என்று கேட்பதற்கு முன், அதன் முடிவில் கைக்கு எட்டும் தூரத்தில் யாராவது நிற்கிறார்களா என்று கேட்க வேண்டும்.

7. இன்றைய நிலை

இந்த ஏற்பாடு தாங்கி நின்ற வாழ்க்கை மாறிவிட்டது. லிமெரிக் மாவட்டத்து ட்ரோம்கொலாகரில் 1889இல் முதல் கூட்டுறவுப் பாலாடை நிலையம் எழுந்தது. வெண்ணெய் திரள்வது மெல்ல மெல்ல வீட்டுக் கவலையிலிருந்து தொழிற்சாலை வேலையாயிற்று. கடைகலம் இல்லாத வீட்டில் மத்தைப் பிடித்துச் சாட்சி சொல்ல விருந்தாளிக்குத் தேவை இல்லை. 1970களுக்குப் பிறகு, பசும்புல்லையே காற்றுப் புகாமல் மூடிப் பதப்படுத்தும் முறை பரவியதால் நான்கு நாள் வெயிலுக்காகத் தவமிருக்கும் தேவையும் சுருங்கியது. கோட்டைகள் பலவற்றை இயந்திரங்கள் சமன்செய்துவிட்டன. ஆனாலும் 1999இல் கிளேர் மாவட்டத்து லட்டூனில் ஷீ கூட்டத்தாருக்குரியதாக நம்பப்பட்ட ஒரு ஹாத்தார்ன் முள்மரத்தைச் சாலைக்காக வெட்ட இருந்தபோது, கதைசொல்லி எடி லெனிஹன் எழுப்பிய எதிர்ப்பால் அம்மரம் காப்பாற்றப்பட்டது. அதை வெட்டினால் சாலையில் விபத்து நேரும் என்று அவர் எச்சரித்தார். பழியின் முகவரி இன்னும் பழைய இடத்தில்தான் இருந்தது.

மாறாதது என்று நினைத்த வானம்தான் காலநிலை மாற்றத்தால் மாறியிருக்கிறது. அயர்லாந்தின் பசுங்குடில் வாயு உமிழ்வில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் விவசாயத்திலிருந்து வருகிறது. அதில் பெரும்பங்கு கால்நடைகளின் மீத்தேன். பொய்த்த குறிக்காக யாரும் யாரையும் பழிக்காத நாட்டில், இன்று மழையின் கணக்கில் பசுவின் பெயரும் அதை வளர்ப்பவரின் பெயரும் எழுதப்படுகின்றன. இந்தக் குற்றச்சாட்டுக்கு அளவீடு உண்டு; வெண்ணெய்த் திருடி மேல் வைத்த பழியோடு அதைச் சமமாக்க முடியாது. ஆனால் வானிலைப் பேச்சில் பொறுப்பைச் சுட்டிப் பழகாத ஊர்களுக்கு, அளவீட்டின் குரலும் அடுத்த வீட்டின் குற்றச்சாட்டாகவே காதில் விழக்கூடும். மார்ச்சைச் சீண்டிய வரிப் பசு, இம்முறை கதைக்கு வெளியே, கணக்கோடு கூண்டில் நிற்கிறது.